ஒன்றரைச் சுற்று

சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகளில் மதிப்பெண் நியாயமாகப் போடப்பட வேண்டும் என்பதில் உலகத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. நியாயமாகப் போடவில்லை என்று தோன்றினால் முறையிடவும் வழி உண்டு. பலகையில் மதிப்பெண் தெரிந்த ஒரு நிமிடத்துக்குள், உரிய படிவத்தை, உரிய மேசையில், உரிய நபர் சேர்ப்பிக்க வேண்டும். அறுபத்தோராவது விநாடியில் அநியாயம் நியாயமாகிவிடும்.

அந்த உரிய நபர் நான்தான்.

நான் ஓர் அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் இருபத்தாறு வருடமாகக் குப்பை கொட்டுகிறவன். என் அக்கா மகள், பதினேழு வயது, பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள கட்டை மேல் ஏறி, நாம் தரையில் செய்யவே பயப்படுகிற வேலைகளை எல்லாம் செய்பவள். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அடுத்த ஆண்டு பெரிய போட்டிக்குப் போகலாம். அதற்காக ஒன்பது வருடம் உழைத்திருக்கிறாள். தன் பிறந்தநாள் கேக்கைக்கூட மோந்து பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். அதை நான்தான் சாப்பிடுவேன்.

போட்டி நடக்கும்போது பயிற்சியாளர் பாயை விட்டு நகரக் கூடாது என்பது விதி. ஆகவே ஒவ்வொரு குழுவும் கழுத்தில் அட்டை மாட்டிய ‘ஆவணப் பொறுப்பாளர்’ ஒருவரை அழைத்து வரலாம்.

"நீதான் போகணும்," என்றாள் அக்கா. "ஃபாரம் நிரப்புறதுல உன்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. பிள்ளைக்கு அநியாயம் நடந்தா சும்மா விட்டுடாதே."

"நான் இருக்கும்போது நடந்துடுமா?" என்றேன்.

நடந்தது. பிள்ளை கட்டை மேல் ஒற்றைக் காலில் நின்று ஒன்றரைச் சுற்று சுற்றினாள். அரங்கமே பார்த்தது. நடுவர்கள் ஒரு சுற்று என்று போட்டார்கள். பலகையில் 13.1 வந்தது. மூன்றாம் இடத்தில் இருந்தவளுக்கு 13.2. அந்த அரைச் சுற்றைச் சேர்த்திருந்தால் நம் பிள்ளைக்கு 13.3.

"ஓடுங்க சார்!" என்று பாயில் நின்றபடியே கத்தினார் பயிற்சியாளர்.

படிவத்தை முன்கூட்டியே நான்கு பிரதிகளில் நிரப்பி வைத்திருந்தேன். ஓடினேன். நான் கடைசியாக ஓடியது கல்யாணமான புதிதில், பஸ்ஸைப் பிடிக்க. அதையும் பிடிக்கவில்லை.

முறையீட்டு மேசை அரங்கத்தின் மறுகோடியில் இருந்தது. கேமரா ஒயரில் கால் மாட்டியது. விழாமல் இருக்க ஒரு தூணைக் கட்டிப் பிடித்தேன். வேகம் அடங்காமல் தூணைச் சுற்றினேன். சுற்றி முடித்த இடத்தில் பூந்தொட்டி. தாண்டினேன். இடது செருப்பு தாண்டவில்லை. கடைசி மூன்று மீட்டரை வயிற்றால் கடந்தேன். படிவம் கையை விட்டுப் பறந்து, எனக்கு முன்னால் போய் மேசையில் உட்கார்ந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஃபாரம் வந்தது ஐம்பத்தெட்டு செகண்ட். நீங்க வந்தது அறுபத்தி மூணு. இதுல எதை எழுதுறது?"

"ஃபாரம்தானே முக்கியம்?"

"அதை நீங்களும் நானும் முடிவு பண்ண முடியாது. வீடியோ பார்க்கணும்."

ஏழு நடுவர்கள் வந்து திரையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் ஓடியதை ஐந்து முறை மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். பிள்ளை கட்டை மேல் செய்ததை இவ்வளவு கவனமாகப் பார்த்திருந்தால் நான் ஓடியிருக்கவே வேண்டாம். தலைமை நடுவர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"தூணைச் சுத்தி ஒன்றரைச் சுத்து. சந்தேகமே இல்லை," என்றார்.

"ஆமாம், சுத்தமான ஒன்றரை," என்றார் பக்கத்து நடுவர்.

நான் குறுக்கிட்டேன். "மேடம், நான் வந்தது பிள்ளையோட ஒன்றரைக்காக."

"கொஞ்சம் இருங்க. விதி பதினாலு என்ன சொல்லுது? போட்டி நேரத்துல, அட்டை அணிந்து, களத்துல உடலசைவு நிகழ்த்துற எவரும் போட்டியாளர். அசைவு நிகழ்ந்துடுச்சு. மார்க் போடாம விட்டா அது உங்களுக்குச் செய்யிற அநியாயம்."

"எனக்கு ஐம்பத்திரண்டு வயசு!"

"குறைந்தபட்ச வயசு பதினாறு. தாண்டிட்டீங்க."

"நான் கட்டை மேலயே ஏறலையே!"

"அதுக்குக் குறைச்சிருக்கோம்."

"அப்போ அந்த ஃபாரம்?"

"அது நீங்க கையில வச்சிருந்த உபகரணம். தூக்கிப் போட்டீங்க, திரும்பப் பிடிக்கல. அரைப் புள்ளி போச்சு. உபகரணத்தைப் படிச்சுப் பார்க்க எங்களுக்கு அதிகாரம் இல்லை."

பலகையில் என் மதிப்பெண் வந்தது: 13.4. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நான் மூன்றாம் இடம். பிள்ளை ஐந்தாம் இடம்.

எனக்கு வேண்டாம், பிள்ளைக்கே கொடுங்கள் என்று கெஞ்சினேன். மனப்பூர்வமாகத்தான் கெஞ்சினேன். பதக்கத்தைத் துறப்பதற்கும் தனிப் படிவம் இருந்தது. அதற்கும் ஒரு நிமிடம்தான். அந்த நிமிடத்தில் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பிள்ளை அழுதாள். கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, "வயித்துல அடி பட்டுச்சா மாமா?" என்று கேட்டாள். எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போல் இருந்தது. போனில் அக்கா சொன்னதை இங்கே எழுத முடியாது. "என் பிள்ளையை அனுப்புனா நீ மெடலோட வர்றியாடா?" என்பது மட்டும்தான் எழுதக்கூடிய பகுதி.

மறுநாளே விஷயம் பரவிவிட்டது. எல்லாக் குழுக்களும் ஆவணப் பொறுப்பாளர்களுக்குப் பயிற்சியாளர் வைத்தன. ஒரு குழு தன் கணக்காளரைத் தூணில் இரண்டரைச் சுற்று சுற்றவிட்டு மயக்கம் போட வைத்தது. பயிற்சிக் கூடங்களில் கட்டைகளை ஓரம் கட்டிவிட்டுத் தூண் நட்டார்கள். இடது செருப்பு மட்டும் கழன்று விழும்படி தைத்த காலணி கடைக்கு வந்தது. சின்னப் பிள்ளைகள் அதைத்தான் கேட்டு அழுதார்கள். எல்லாருக்கும் சம வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்ற உயரிய நோக்கில், பூந்தொட்டியின் உயரத்தையும் அதிலுள்ள செடியின் இலைகளின் எண்ணிக்கையையும் நிர்ணயித்து ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனம் சுற்றறிக்கை விட்டது.

அலுவலகத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். மேலாளர் என்னைத் தூண் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். முதல் வாரம் கூச்சமாக இருந்தது. இரண்டாம் வாரம் பழகிவிட்டது. மூன்றாம் வாரம், யாரும் கேட்காமலே வீடியோவைக் காட்ட ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்தியது. இரண்டாம் இடத்துக்கு 13.5. எனக்கு எங்கேயோ குறைத்திருக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா எனக்கு மட்டும் காபி கொடுக்கவில்லை. பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து வீடியோவை முழுசாக, பொறுமையாகப் பார்த்தாள். கட்டை மேல் நிற்கிற அதே முகம்.

"எப்படி?" என்றேன்.

"தாண்டினது நல்லா இருக்கு மாமா. ஆனா தூண்ல வந்தது ஒரு சுத்துதான். மிச்ச அரை, கால் வழுக்கித் தானா போனது. அதைச் சேர்க்கக் கூடாது. முட்டியும் மடங்கியிருக்கு. நியாயமாப் பார்த்தா பன்னிரண்டு."

எனக்குச் சுருக்கென்றது. ஏழு சர்வதேச நடுவர்கள் கண்ணாடி போட்டுப் பார்த்துச் சொன்ன ஒன்றரையை, இவள் ஒன்று என்கிறாள்.

"ஏம்மா, ஆளைப் பார்த்தா மார்க் போடுவே? உனக்குக் கிடைக்கலைங்கிற வயித்தெரிச்சல்ல பேசாதே. நானும் கஷ்டப்பட்டுத்தானே சுத்தினேன்?"

அவள் வீடியோவை அணைத்தாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பையைத் திறந்தேன். இருபத்தாறு வருடப் பழக்கம், படிவம் இல்லாமல் நான் வெளியே கிளம்புவதில்லை. ‘நடுவர் உறவினர் என்பதால் பாரபட்சம்’ என்று தெளிவான கையெழுத்தில், நான்கு பிரதிகளிலும் எழுதி, கையொப்பமிட்டு, அவளிடம் நீட்டினேன்.

பிள்ளை படிவத்தைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம் தாண்டிடுச்சு, மாமா."