கவர்னரைச் சாகவிடாதவர்

ஒரு வெள்ளைக்காரனைச் சாகவிடாமல் வைத்திருக்க எங்கள் 'கவர்னர்' பட்ட பாட்டைக் கொங்கு நாட்டில் இன்னொருவர் பட்டிருக்க மாட்டார்.

தொண்ணூறுகளில் காந்திபுரத்தில் ஒரு டுடோரியல். பத்தாவதில் ஃபெயிலானவர்களுக்கு நான் கணக்கு, காங்கேயத்துக்காரரான அவர் வரலாறு. இரண்டு வகுப்புக்கும் நடுவே பிளைவுட் தட்டிதான். பாடப் புத்தகத்தில் ஒரே பத்தியில் முடிந்துபோகும் ஓர் ஆங்கிலேய கவர்னரை அவர் மாதக்கணக்கில் நடத்துவார். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

"மீசை மொளைக்காத வயசுங்க கண்ணு. சிப்பாயோட சிப்பாயா வந்து எறங்கறாரு. மழ பேஞ்சா கூடாரம் பூரா ஒழுகுது!" என்று ஆரம்பிப்பார். பிறகு சண்டை, கலெக்டர் வேலை, குதிரையில் ஊர் ஊராக வரி வசூல், கடைசியில் கோட்டையில் கவர்னர் நாற்காலி. ராஜினாமாவை லண்டனுக்கு அனுப்பிவிட்டு, மாற்று ஆள் கப்பலில் வந்து சேர்வதற்குள் ஊர்களிடம் விடைபெறப் போன இடத்தில் காலரா. மற்ற வருஷங்களில் தீபாவளிக்குள் ஆளை அடக்கம் செய்துவிடுவார்.

அந்த வருஷம் பொங்கல் தாண்டியும் கவர்னர் குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தார்.

அன்னூரிலிருந்து வரும் பெண் ஒருத்தி பொறுமையிழந்தாள். "ஏனுங்க சார், பரிச்ச வருதுங்க. இன்னைக்காச்சும் செத்துப்போடுவாருங்களா?"

"அவசரப்படாத அம்மணி. ஆளு நல்லாத்தான் இருக்காரு."

தட்டிக்கு இந்தப் பக்கம் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அன்று மாலை டுடோரியல் முதலாளி விஷயத்தைச் சொன்னார். எங்கள் வரலாற்று வாத்தியாரின் மனைவிக்கு வயிற்றில் புற்று. ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

மறுநாள் தயங்கித் தயங்கி, "ஊட்டுல எப்படிங்க இருக்காங்க?" என்றேன்.

"ராஜினாமா போயிருச்சுங்க. மாத்து ஆளு இன்னும் கப்பலேறல" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் நுழைந்துகொண்டார்.

மாசியில் அந்த அம்மா போய்விட்டார்கள். பிள்ளைகள் இல்லாததால் கொள்ளி வைத்ததும் அவரே. காரியம் முடிந்த மறுநாள் மொட்டைத் தலையோடு வந்து சாக்பீஸை எடுத்தார்.

"காலைல நல்லாத்தானுங்க இருந்தாரு. காலரா. பொழுது உழுகறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

அன்னூர்ப் பெண்தான் மெதுவாகக் கேட்டாள்: "சம்சாரம் பக்கத்துல இருந்தாங்களாங்க சார்?"

"இல்ல அம்மணி. நோவுல கெடந்த கொழந்தைய எடுத்துட்டு முன்னாடியே சீமைக்குக் கப்பலேறிட்டாங்க. தனியாத்தான் போனாரு." பிறகு, "எங்கூட்டுல அப்படி ஆகலீங்க. நான் கையப் புடிச்சுட்டே இருந்தேன்" என்றார்.

அன்று மத்தியானம் வரமாட்டேன் என்றவரை விடாமல் மெஸ்ஸுக்கு இழுத்துப் போனேன். ரசம் வரைக்கும் சாப்பிட்டார். என் இலையில் இருந்த அப்பளத்தையும் எடுத்து அவர் இலையில் வைத்தேன்.