பழிவாங்க முறையான அனுமதி

காதலில் தோற்றவன் ஒன்று தாடி வளர்க்க வேண்டும், அல்லது படம் எடுக்க வேண்டும். என் மைத்துனனுக்குத் தாடி சரியாக வளராது. ஆகவே படம் எடுத்தான்.

கைவிட்டுப் போன காதலியின் கல்யாண மேடைக்குத் தீ வைப்பவனின் கதை. கதாநாயகன் அவனே. அவன் அக்காவைக் கட்டிய பாவத்துக்குக் கேமரா நான். அவனை நிஜத்தில் கைவிட்டவளும் இதே ஊரில்தான் குடித்தனம் நடத்தினாள்.

"அவ தியேட்டர்ல உக்காந்து இதைப் பாக்கணும் மச்சான். வயிறு எரியணும். எனக்கு அது போதும்" என்றான். படத்தின் நோக்கம் அவ்வளவுதான். சமூக அக்கறையெல்லாம் பேட்டிக்காகப் பிறகு சேர்த்துக்கொண்டது.

தணிக்கைக் குழு படம் பார்த்தது. தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நல்லா எடுத்திருக்கீங்க தம்பி. ஒரே ஒரு சந்தேகம். தீ வைக்க இவருக்கு யார் அனுமதி குடுத்தா?"

"சார், பழிவாங்கறவன் அனுமதி கேட்டுட்டா செய்வான்?"

"அதான் தப்புங்கறேன். பழிவாங்க வேண்டாம்னு நாங்க சொல்லல. முறைப்படி வாங்கட்டும். அவனவனே நேரா போய் வாங்கிட்டா, அப்புறம் அரசாங்கம்னு ஒண்ணு எதுக்கு?"

மறுக்க முடியாத வாதம். தீயை அணைத்தோம். கதாநாயகன் தீப்பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, உரிய அலுவலகத்தில் மனு கொடுப்பதாகக் காட்சியை மாற்றினோம்.

"மனு குடுத்த உடனே அனுமதி கிடைச்சுடுதே, யாருய்யா நம்புவான்?" என்றார் தலைவர்.

"அப்போ காக்க வெக்கலாமா சார்?"

"காக்க வெச்சா அலுவலகத்துக்கு அவமானம் இல்லையா?"

கடைசியில் குழுவே பெரிய மனது பண்ணி வழி சொன்னது: காத்திருக்கலாம், ஆனால் முகம் மலர்ந்து காத்திருக்க வேண்டும். அப்படியே எடுத்தோம். பெஞ்சில் உட்கார்ந்து ஒருவன் சிரித்துக்கொண்டே இருக்கிறான். அதிகாரி டீ குடிக்கப் போகிறார், வருகிறார், மறுபடி போகிறார். தலை நரைக்கிறது. தீப்பெட்டி நமுத்துப் போகிறது. படத்துக்குச் சான்றிதழ் கிடைத்தது.

படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஜனங்கள் சொல்வதற்குள், பெரிய கறுப்பு ஃபிரேம் கண்ணாடி போட்ட விமர்சகர்கள் முந்திக்கொண்டார்கள். 'நிகழாமையின் உச்சம்' என்று எழுதினார்கள். மைத்துனனும் பவர் இல்லாத கறுப்பு ஃபிரேம் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டான்.

முதல் காட்சிக்கு அவள் கணவனோடு வந்தாள். மைத்துனன் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தான். திரையில் பியூன் கதவைத் திறந்து, "அடுத்தது யாரு?" என்றான். தியேட்டரில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். அவளும் எழுந்தாள். தணிக்கைக் குழுத் தலைவர் எழுந்தார். நானும்தான்.

படம் முடிந்ததும் நேரே இவனிடம் வந்தாள்.

"என் வயித்தெரிச்சலைக் கிளப்பிட்டியே!"

இவன் முகத்தில் அப்படியொரு பிரகாசம். "நெஜமாவா?"

"பின்ன? கல்யாணத்தைப் பதிவு பண்ணக் குடுத்துட்டு நாங்க அதே மாதிரி பெஞ்சுலதானே கெடக்கறோம். காகிதப்படி பாத்தா எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

பாவம், அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லியிருக்கக் கூடாது. பயலுக்கு அன்று தூக்கம் போயிற்று. மறுநாள் முதல் ஆளாக அந்த அலுவலகத்துக்கு ஓடினான், அவளுடைய பதிவைக் கூடுமானவரை தாமதப்படுத்தும்படி முறைப்படி மனு கொடுக்க.

அடுத்த வாரமே அவளுக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. இவன் மனு பரிசீலனையில் இருக்கிறது. தினமும் போய் முகம் மலர்ந்து உட்கார்ந்திருக்கிறான்.