எல்லாருக்கும் முழு மார்க்

கடலோரப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து தேவிபட்டினத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். எத்தனையோ வேலைகளிலிருந்து என்னை விரட்டியிருக்கிறார்கள். திரும்பிப் பார்க்க வெட்கப்பட்டு நடந்தது அன்றுதான்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் ஒரு தேர்வு வைத்தது; எல்லா ஊரிலும் ஒரே கேள்வித்தாள். பிள்ளை சொல்லும் விடையைச் செல்போனில் அழுத்துவது என் வேலை. அந்த மார்க்கை வைத்துத்தான் பிள்ளைகள் தேறியிருக்கிறார்களா, பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று மேலே முடிவு செய்வார்கள். (எட்டாவதோடு நின்ற என்னை இதற்கு அனுப்பினார்கள் என்றால் ஆள் பஞ்சம் எப்படி இருந்திருக்கும்!)

அந்தக் கடலோரப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் ஒரே டீச்சர். "யாருக்கும் சொல்லிக் குடுத்துராதீக தம்பி, வாரது வரட்டும்" என்றார். ஒப்புக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

முதலில் வந்த பெண் குழந்தை, கேள்வியைக் கேட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். கணக்குத் தெரியாமல் நான் நின்ற நாட்கள் நினைவுக்கு வந்தன. சரியான விடையை நானே அழுத்திவிட்டேன். மற்ற பிள்ளைகளுக்கும் விரல் தானாகப் போனது. (கடைசிக் கேள்விக்கு எனக்கே விடை தெரியாது. கொடுத்திருந்த விடைகளில் மூன்றாவதையே எல்லாருக்கும் அழுத்தினேன். அதுவும் சரியாகித் தொலைத்தது.)

மத்தியானம் டீச்சருக்குப் போன் வந்தது. பேசி முடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாப் பிள்ளையும் முழு மார்க்காம். பாராட்டுறாக."

"நல்லதுதானே டீச்சர்?"

"மார்க் கொறஞ்ச பள்ளிக்கு இன்னொரு டீச்சர் போடுறதா இருந்தாக. ஒத்த ஆளே இப்பிடி நடத்தும்போது இங்கன எதுக்குன்னுட்டாக."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

என்னை அனுப்பிய மேற்பார்வையாளருக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன்.

"அனுப்புன மார்க்கு அனுப்புனதுதான்டா. வெளிய தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும். உனக்கு இப்பவே போயிருச்சு."

அந்தப் பள்ளிக்கு இன்றுவரை ஒரே டீச்சர்தான்.

மறுநாள் காலை தேவிபட்டினத்தில் ஒரு மீன் கம்பெனியில் வேலை கேட்டேன். இதற்கு முன் என்ன வேலை என்று மேஸ்திரி கேட்டார். சொன்னேன். அவர் மகனும் அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்புதான்.

"ஏலே, அந்த மகராசன் நீதானா? எம் மகனுக்கு அவம் பேரையே எழுத வராதுலே!"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி, ஐஸ் பெட்டியத் தூக்கு. தராசுப் பக்கம் மட்டும் போயிராத."

அன்றிலிருந்து ஐஸ்தான் தூக்குகிறேன். மீன் நிறுக்கிற நேரத்தில் நான் அந்தப் பக்கம் தலை காட்டினால், இன்னமும் யாராவது ஒருவர் துண்டை எடுத்துத் தராசை மூடிவிடுகிறார்.