முழு பலத்தோடு ஓய்வு

ஓய்வெடுக்கச் சொன்னால் அதிலும் முதல் மார்க் வாங்கப் பார்க்கும் ஓர் இனம் உலகத்தில் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். விடுமுறை நாளில் அலாரம் வைத்து எழுந்து, 'இன்னிக்கு நல்லா ரெஸ்ட் எடுத்தே தீரணும்' என்று சபதம் போடுகிறவர்கள். இந்த இனத்தின் பேரரசி எங்கள் பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சர்.

டீச்சர் உட்காரவே மாட்டார். பஸ்ஸில் கிடைத்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். பள்ளிக்கூடக் கூட்டங்களில் சுவரோரம் காவலாளி மாதிரி நிற்பார். வீட்டில் சமையல் மேடைமேல் தட்டை வைத்து நின்றபடியே சாப்பிடுவார். என்ன பெருந்தன்மை, என்ன சுறுசுறுப்பு என்று எல்லோரும் மெச்சினோம். உண்மை வேறு. அடியிடுப்பில், வாய்விட்டுச் சொல்லக் கூசும் இடத்தில், ஒரு நரம்பு வருஷக்கணக்காக எரிந்துகொண்டிருந்தது. உட்கார்ந்தால் கண்ணாடிச் சில்லின்மேல் உட்கார்ந்த மாதிரி. 'எல்லாம் மனப்பிரமை' என்று சொன்ன டாக்டர்களையெல்லாம் தாண்டி, கடைசியில் ஒரு நல்ல டாக்டர் அவரை ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாளிடம் அனுப்பினார்.

"வலிக்குப் பயந்து பயந்து இடுப்புக்கு அடியில இருக்கிற தசையெல்லாம் இறுகிப்போச்சு மேடம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிறு உப்புற மாதிரி மெதுவா மூச்சை இழுங்க. அப்புறம் எல்லாத்தையும் லூசா விட்டுடுங்க. கொஞ்ச நேரம் போதும்."

கொஞ்ச நேரமா? யாரிடம் சொல்கிறார்! டீச்சர் காலை, மாலை, மதிய இடைவேளை என்று விடாமல் விட்டார். குழந்தைகள் கதவைத் திறந்தால், "சத்தம் போடாதீங்க! அம்மா ரிலாக்ஸ் பண்றேன்ல!" என்று அவர் போட்ட கத்தல் எங்கள் வீட்டு ஜன்னலை அதிரவைத்தது. அடுத்த வாரம் வலி இரண்டு பங்கானது.

மறுபடி போனபோது பிசியோ அம்மாள் அவர் வயிற்றில் கை வைத்தார். "மேடம், இது வயிறா, பலகையா?"

"விட்டுட்டேனே! முழு பலத்தோட விட்டுட்டேன்!"

வாசல் பெஞ்சில் காத்திருந்த கணவர் உள்ளே அழைக்கப்பட்டார். "சார், பக்கத்துப் பாயில படுத்து மூச்சு விட்டுக் காட்டுங்க."

படுத்தார். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. மூன்றாவது, குறட்டை.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். "அடப்பாவி மனுஷா! கல்யாணமான நாள்லேருந்து பிராக்டிஸ் பண்ணியிருக்காரு! நான்தான் சோம்பேறின்னு திட்டிட்டேன்!" சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிறு குலுங்கக் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தார்.

"இதோ! இப்ப விட்டீங்க பாருங்க! அப்படியே மூச்சை இழுங்க!"

டீச்சர் மூச்சை இழுத்தார். உள்ளே ஏதோ ஒரு முடிச்சு நெகிழ்ந்ததை முதன்முதலாக உணர்ந்தார். அதற்காக வலி அன்றே மூட்டை கட்டிவிடவில்லை. நாலு நாள் நன்றாக இருக்கும், ஐந்தாம் நாள் அழவைக்கும். ஆனால் எப்படி விடுவது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. சில மாதம் கழித்து ஓர் இரவுச் சாப்பாட்டில், நாற்காலியை இழுத்துப் போட்டு, டீச்சர் உட்கார்ந்தார். வீடே வாயைப் பிளந்து பார்த்தது.

அம்மாவின் தலையை முதல்முறையாக மேலிருந்து பார்த்த சின்ன மகள்தான் பேசினாள். "அம்மா! உன் உச்சந்தலையில இவ்வளவு நரையா?"

அதற்கும் டீச்சர் சிரித்தார்.

இப்படியும் ஒரு பிறவியா என்று நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இந்த ஒரு பக்கத்தைப் படிக்க உங்கள் தோள்கள் எதற்காகக் காதுவரை ஏறியிருக்கின்றன?

என்ன, இறக்கிவிட்டீர்களா? அவ்வளவு அவசரமாகவா?