முள் பார்த்து வண்டி ஓட்டுகிறவர்

கார் ஓட்டுகிறவர்களில் சாலையைப் பார்த்து ஓட்டுகிறவர்கள் உண்டு, செல்போனைப் பார்த்து ஓட்டுகிறவர்களும் உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இப்போது திருச்சியில் பெருகி வருகிறது. இவர்கள் முள்ளைப் பார்த்து ஓட்டுகிறவர்கள். எந்த முள் என்கிறீர்களா? டர்போ என்பது என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற சாதனம், எவ்வளவு அழுத்தம் என்று காட்டுவது பூஸ்ட் மீட்டர், அதன் முள். கார் கம்பெனிக்காரன் இந்த மீட்டரை வைத்துத் தருவதில்லை. வைத்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். இவர்கள் வெளியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

சிங்காரத்தோப்பில் செருப்புக் கடை வைத்திருக்கும் ஹனீஃபா பாயை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குள் நுழைகிறவர் காலைப் பார்த்தே சைஸ் சொல்லிவிடுவார், அளவுப் பலகையைத் தொடவே மாட்டார். அப்படிப்பட்ட கண். ஆனால் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டால் தன் கண்ணையும் காதையும் நம்பமாட்டார். எதுவானாலும் மீட்டர் சொல்ல வேண்டும்.

அறிவில் குறைவில்லை. தில்லை நகர் மாதவன் தன் காரில் வெளிக் கம்பெனி இன்டர்கூலர் ஒன்றை மாட்டிவிட்டு, பூஸ்ட் இறங்கிவிட்டதே என்று கார்க்காரர்களின் வாட்ஸப் குழுவில் புலம்பியபோது, இவர்தான் நீளமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். “மாதவன் சார், பயப்படாதீங்க. டர்போ அழுத்துறப்ப காத்து சூடாகும். அதை ஆத்துறதுதான் இன்டர்கூலர். பெரிய கூலர் போட்டா காத்து நல்லாக் குளிர்ந்து நெருக்கமாகும், அழுத்தம் கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும். முள்ளு இறங்கினா பவர் இறங்குச்சுன்னு அர்த்தம் இல்லைங்க.” எத்தனை தெளிவு! குழுவே கைதட்டியது.

அடுத்த மாதம் இவரும் அதே இன்டர்கூலரை மாட்டினார். இருபது காட்டிய முள் பதினெட்டில் நின்றது. அன்றோடு தூக்கம் போயிற்று.

குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்து, எங்காவது குமிழி வருகிறதா என்று பார்த்தார். கிளாம்புகளை இறுக்கினார், பிறகு அதிகமாக இறுக்கிவிட்டோமோ என்று தளர்த்தினார், சோப்புத் தண்ணீர் பாட்டிலை டிக்கியிலேயே நிரந்தரமாகக் குடிவைத்தார், ஜீயபுரம் வரை காரணமே இல்லாமல் போய்த் திரும்பினார், முள் பதினெட்டு. மனைவி கமருன்னிசாவிடம் கேட்டார்.

“இழுவை குறைஞ்ச மாதிரி இல்ல?”

“முன்னைக்கு இப்ப நல்லாவே போகுதுங்க.”

“உனக்குத் தெரியாது.”

இந்த நிலையில்தான் கமருன்னிசாவின் தம்பி கலீம் துபாய்க்குப் புறப்பட்டான். ஒரு வருஷமாக வேலையில்லாமல் இருந்தவனுக்குக் கிடைத்த வேலை. அன்றைக்குள் அங்கே போய் இறங்காவிட்டால் விசா செல்லாது. பச்சைக் குழந்தைக்காரியான மனைவியை லால்குடி வீட்டிலேயே விட்டுவிட்டு, அக்காவோடும் மச்சானோடும் காரில் ஏறினான். டிக்கி நிறையப் பெட்டிகள்.

கொள்ளிடம் பாலத்தில் முன்னால் போன லாரியை வண்டி அலட்சியமாகத் தாண்டியது. ஹனீஃபா அதைக் கவனிக்கவில்லை. பாலம் இறங்கியதும் ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தார்.

“என்னாச்சு மச்சான்?”

“இவ்வளவு மிதிச்சும் பதினெட்டத் தாண்டலடா. எங்கியோ லீக்கு. அந்த சோப்புத் தண்ணி பாட்டில எடு.”

பாட்டில் எங்கே இருக்கிறது? டிக்கியில், எல்லாப் பெட்டிகளுக்கும் அடியில். ஒவ்வொன்றாகச் சாலையோரம் இறங்கின. ஸ்ரீரங்கத்துக்கும் திருவானைக்காவலுக்கும் போகிறவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள்.

“மச்சான், ஏர்போர்ட்ல கவுன்டரை மூடிடுவாங்க. வண்டிதான் ஓடுதுல்ல?”

“ஓடுறது வேற, பூஸ்ட் வேறடா. அஞ்சே நிமிஷம்.”

கமருன்னிசா இறங்கினாள். பெட்டிகளை மறுபடி ஏற்றச் சொன்னாள். பானெட்டை ஓங்கிச் சாத்தினாள். தன் கைக்குட்டையை மீட்டரின் மேல் போர்த்திவிட்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரே ஹனீஃபாதான்.

“பின்னாடி ஏறுங்க. என் தம்பி பொழைப்பு உங்க முள்ளுல இல்ல.”

வண்டி பறந்தது. காவிரிப் பாலமும் பால்பண்ணையும் வந்ததும் போனதும் தெரியவில்லை. இழுவை இழுவை என்று அத்தனை நாள் தேடினாரே, அது அன்றைக்கு அவர் முதுகை சீட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டே இருந்தது. அவரோ அந்தக் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

விமான நிலையத்தில் கவுன்டர் மூடவில்லை. வண்டியை எடுக்கச் சொல்லிக் காவலர் விசில் அடித்தார். கமருன்னிசாவால் இறங்க முடியவில்லை. கலீம் ஜன்னல் வழியாக அக்காவின் கையைப் பிடித்துவிட்டு, வண்டிக்கு முதுகு காட்டி நின்று மச்சானைக் கட்டிக்கொண்டான்.

“துஆ செய்ங்க மச்சான். புள்ளயப் பார்த்துக்கங்க.”

ஹனீஃபா அவன் தோளுக்கு மேலாக வண்டிக்குள் பார்த்தார். பிரேக் போட்டதில் கைக்குட்டை நழுவியிருந்தது. முள் பூஜ்யத்தில் இருந்தது. நிற்கிற வண்டியில் வேறு எங்கே இருக்கும்? இருந்தாலும் பார்த்தார். கலீம் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டான்.

வண்டி கிளம்பியதும் கமருன்னிசா மெதுவாகக் கேட்டாள். “இனி ரெண்டு வருஷம் ஆகும் அவன் மூஞ்சியப் பாக்க. அழுதானாங்க?”

ஹனீஃபா அவன் முகத்தைப் பார்த்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் காரில் அந்த மீட்டர் இல்லை, காரே இல்லை என்றுகூடச் சொல்வீர்கள். சரி. போன தடவை உங்கள் பிள்ளை மார்க் ஷீட்டைக் கொண்டுவந்து நீட்டியபோது எத்தனை மார்க் என்று இப்போதும் பிசகாமல் சொல்வீர்கள். அப்போது அந்தப் பிள்ளையின் முகம் எப்படி இருந்தது?