ஒரு டம்ளர் பிரஷ் தண்ணீர்

அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு நல்ல மனிதரைக் கொன்றுவிட்டேன் என்று ஒரு முற்பகலில் மனதார நம்பியவன் நான். அதற்கும் முன்னால் அதைவிடப் பெரிய மூடநம்பிக்கை ஒன்று இருந்தது: எனக்கு ஓவியத் திறமை உண்டு என்பது.

(இதை இன்னும் முழுசாகக் கைவிடவில்லை. போன் பேசும்போது கையில் பேனா இருந்தால் மாடு வரைவேன். என் மனைவி அதை நாய் என்பாள்.)

குத்தாலம் பக்கத்தில் ஃபாதர்கள் நடத்திய பையன்கள் போர்டிங் பள்ளி அது. குடவாசலிலிருந்து அப்பா என்னை டிரங்குப் பெட்டியோடு கொண்டுவந்து விட்டார். டைம்டேபிளில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் டிராயிங். டைம்டேபிளில் மட்டும். மணி அடித்ததும் கணக்கு வாத்தியார் உள்ளே வருவார். “சார், டிராயிங்…” என்று யாராவது இழுத்தால், “முக்கோணம் வரையப்போறோம்ல, அது டிராயிங் இல்லியா? உக்காருடா” என்பார். டிராயிங் மாஸ்டர் என்று ஒருவர் இருந்தார். விளையாட்டு விழாவுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது அவர் வேலை. எங்கள் பள்ளியில் கிரவுண்டுக்குக் கிடைத்த ஓவியக் கல்வி மாணவர்களுக்குக் கிடைக்கவில்லை. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. டிராயிங் ரூம் என்று ஒன்று இருந்தது. பூட்டியே இருந்தது.

கேபிள் டிவியும் எஸ்.டி.டி. பூத்தும் எங்கள் பக்கம் வந்து, படித்தவர்கள் கம்ப்யூட்டர் வேலைக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம். அப்படிப் போன பழைய மாணவர் ஒருவர் பெட்டி நிறைய பெயின்ட் டியூப் அனுப்பிவைத்தார். அமெரிக்காவில் அவர் பிள்ளைகள் வாராவாரம் படம் வரைகிறார்களாம். நம் பையன்களும் வரையட்டும், நேரில் வந்து பார்த்துவிட்டு ஓவியக்கூடமே கட்டித்தருகிறேன் என்றார். பெட்டியை வார்டன் ஃபாதர் பீரோவில் வைத்துப் பூட்டினார். “பசங்க கையில குடுத்தா தீந்துடும்” என்றார். (பெயின்ட் வேறு எதற்காம்?)

அவர் வந்த அன்றுதான் டிராயிங் ரூம் திறந்தது. சிலரை மட்டும் பொறுக்கி உட்காரவைத்தார்கள். முதல் வரிசையில் நான். திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று நெஞ்சை நிமிர்த்தினேன். இங்க் கறை இல்லாத சட்டை போட்டிருந்தவர்களைத்தான் பொறுக்கினார்கள் என்று பிறகு தெரிந்தது. எல்லோர் தாளிலும் டிராயிங் மாஸ்டரே பென்சிலால் ஒரே கிளியை வரைந்து வைத்திருந்தார். “பச்சையத் தடவு, போதும். கோட்டைத் தாண்டுனே, கைய ஒடிச்சிருவேன்.” பிரஷ் கழுவ ஆளுக்கொரு ஹாஸ்டல் டம்ளரில் தண்ணீர்.

விருந்தாளி நேராக என்னிடம் வந்தார். “கிளி இருக்கட்டும் தம்பி. உன் இஷ்டத்துக்கு ஒண்ணு வரையேன்.”

என் இஷ்டத்தை அந்தப் பள்ளியில் யாரும் கேட்டதில்லை. எனக்கே அது என்னவென்று தெரியவில்லை. தாளைத் திருப்பிப் போட்டு, கைக்கு அகப்பட்ட டியூபைப் பிதுக்கினேன். பழுப்பு. தாள் முழுக்க அதையே பூசினேன்.

“இது என்னப்பா?”

“வயல் சார். சேறடிச்சு வச்சிருக்கு. இன்னும் நாத்து நடல.”

அவர் சிரித்தார். என் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கென்று கெட்டிப் பாலில் ஸ்பெஷலாகப் போட்ட காபியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். அதே ஹாஸ்டல் டம்ளரில். நான் பிரஷ்ஷைக் கழுவினேன். வெளியே எடுத்தால் நுனியில் பாலாடை.

நிமிர்ந்தேன். அவர் இன்னொரு டம்ளரை வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே மடக்கு. முகம் கோணியது. கண் கலங்கியது. “அப்பா… அதே ஹாஸ்டல் காபி! மாறவே இல்லை” என்றபடி எழுந்து, ஹாலில் அவருக்காக ஏற்பாடு செய்திருந்த கூட்டத்துக்குப் போனார்.

“டேய் பீட்டர்,” பக்கத்தில் இருந்தவனைக் கிள்ளினேன், “அவர் குடிச்சது என் தண்ணிடா.”

பீட்டர் டியூபைப் புரட்டிப் பார்த்தான். “சின்னப் புள்ளைங்களுக்கு எட்டாம வைக்கணும்னு இங்கிலீஷ்ல போட்ருக்குடா. பாய்சன்தான். நீ ஜெயிலுக்குத்தான் போவ. கவலப்படாத, அங்கயாவது டிராயிங் கிளாஸ் இருக்கும்.”

நான் பூசைக்கு உதவும் பையன். சாகக் கிடப்பவருக்குக் குருவானவர் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும், அதுதான் அவஸ்தைப்பூசுதல் என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருந்தேன். டாக்டர் என்று ஒருவர் உலகத்தில் இருப்பது நினைவுக்கே வரவில்லை. கோயிலுக்கு ஓடினேன். மந்திரித்த எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு, கூட்டம் நடந்த ஹாலுக்குள் பாய்ந்து மேடை ஏறினேன். விருந்தாளி மைக்கில் அந்த ஹாஸ்டல் காபியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் லேசாக இருமினார். எனக்கு அது போதும். வார்டன் ஃபாதரிடம் சிமிழை நீட்டினேன்.

“ஃபாதர், சீக்கிரம் பூசுங்க! சார் சாகப்போறார்!”

“என்னடா உளர்றே? எறங்கு கீழ.”

“டம்ளர்ல இருந்தத முழுசாக் குடிச்சிட்டார் ஃபாதர்! பொழைக்க மாட்டார்!”

மைக் ஒரு சொல் விடாமல் வாங்கி ஹால் முழுக்கக் கொடுத்தது. பிறகு மொத்த ஹாஸ்டலும் எழுந்து நின்று கைதட்டியது. இத்தனை வருடம் அவர்கள் மனதில் இருந்ததை ஒருவன் மேடையேறிச் சொல்லிவிட்டானே!

விருந்தாளி என் தோளில் கைவைத்தார். “பாத்தீங்களா ஃபாதர், பையன் எவ்வளவு நொந்து போயிருக்கான். நாக்குல இன்னும் அந்தச் சேறு நிக்குது எனக்கு. ஓவியமெல்லாம் அப்புறம். முதல்ல இவங்களுக்கு ஒரு நல்ல சமையல்கட்டு கட்டுவோம்.”

கெட்டிப் பாலுக்காகக் காலையிலிருந்து அலைந்த வார்டன் ஃபாதர் திறந்த வாயை மூடவில்லை. நான் வாயைத் திறக்கவே இல்லை. ஃபாதரின் கையில் என் காது இருந்தது.

இன்றும் வீட்டுக்கு வருபவர்களுக்கு நான் காபி கொடுக்கும்போதெல்லாம் என் மகள் கேட்பாள்: “அப்பா, எண்ணெயும் எடுத்துட்டு வரவா?”

அவர் சாகவில்லை. சமையல்கட்டு வந்தது. அதன்பிறகு நான் பள்ளியை விட்டுப் போகும்வரை டிராயிங் ரூம் ஒரே ஒரு தடவைதான் திறந்தது. பழைய அண்டாக்களை உள்ளே வைக்க.