டோட்டல் பாதுகாப்பு

உலகத்துச் சொற்களிலேயே மகா உழைப்பாளி 'டோட்டல்'தான். வெறும் 'சுத்தம்' என்று எழுதி ஒட்டினால் ஈ காக்கா கூடத் திரும்பிப் பார்க்காது. 'டோட்டல் சுத்தம்' என்று ஒட்டிப் பாருங்கள், குப்பைக்கே கூச்சம் வந்துவிடும். இந்தப் பேருண்மையை மூன்று நாள் பயிற்சியில், இலவசச் சாப்பாட்டோடு சேர்த்து உட்கொண்டு வந்த மகான், ஊழியர் குடியிருப்புப் பராமரிப்பு அலுவலகத்தின் மேலாளர்.

வந்த மறுநாளே சுற்றறிக்கை விட்டார். 'கொஞ்சம்', 'ஓரளவு', 'பரவாயில்லை' ஆகிய கோழைச் சொற்கள் இன்றுமுதல் அலுவலக எல்லைக்குள் தடைசெய்யப்படுகின்றன. புதுப் படிவத்தில் இரண்டே கட்டம்: 'டோட்டல் பாதுகாப்பு', 'டோட்டல் ஆபத்து'. இரண்டாவதில் டிக் அடித்தால் கட்டடத்தையே காலி செய்து, பதினோரு பேரிடம் கையெழுத்து வாங்கி, தலைமையகத்துக்கு விளக்கமும் எழுத வேண்டும். ஆகவே ஒரே மாதத்தில் எல்லாக் கட்டடங்களும் டோட்டல் பாதுகாப்பு எய்தின. தலைமையகம் கேடயம் அனுப்பியது.

புகார்ப் பிரிவில் டைப் அடிக்கும் எழுத்தரம்மா மட்டும் அந்தக் கேடயத்தை நம்பவில்லை. குடியிருப்பின் மூன்றாம் மாடியில் அவள் வீடு. சமையலறைக் கூரையில் விரிசல், அடுப்புக்கு நேர் மேலே. பகலெல்லாம் அந்த அடுப்படியில் நிற்பது அவள் மாமியார்.

மேஸ்திரி ஏணி போட்டுத் தட்டிப் பார்த்தார். "கொஞ்சம் விட்டிருக்கு அக்கா. இப்பவே பிடிச்சா அரை மூட்டை சிமென்ட், அரை நாள் வேலை. விட்டா தலையில விழும்."

அதை அப்படியே போய்ச் சொன்னாள். மேலாளர் காதைப் பொத்திக்கொண்டார்.

"கொஞ்சமா? அந்த வார்த்தையை என் ரூமுக்குள்ள கொண்டு வராதம்மா! டோட்டலா விழுந்துடுச்சா?"

"இன்னும் விழல சார்."

"அப்ப டோட்டல் பாதுகாப்பு."

"அரை மூட்டை சிமென்ட் போதும்னு மேஸ்திரி..."

"பாத்தியா, அரை! உன் சிந்தனையே அரையும் குறையுமா இருக்கு."

"சரி சார், நானே சொந்தச் செலவுல பூசிக்கட்டுமா?"

"டோட்டல் பாதுகாப்பா இருக்கற கூரையில கை வச்சா விதிமீறல்மா. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க."

வீட்டுக்கு வந்தவள், "அத்தை, அடுப்பை ஹாலுக்கு மாத்திடலாம்" என்றாள்.

"அட, நீ ஒண்ணு! வாசக்கதவுல 'டோட்டல் பாதுகாப்பு'ன்னு உங்க ஆபீஸ்தானே ஒட்டிட்டுப் போச்சு? அவ்வளவு பெரிய ஆபீஸ் பொய்யா எழுதும்?"

அந்தச் சீட்டை டைப் அடித்தவளே அவள்தான்.

புதன்கிழமை கூரை விழுந்தது. ஒரு சாண் தள்ளி விழுந்ததால் அத்தைக்குத் தலை தப்பியது, தோள் எலும்பு உடைந்தது. மேலாளர் பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார். மறுநாள் காலை எழுத்தரம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து விபத்து அறிக்கையைச் சொல்லத் தொடங்கினார்.

"போடும்மா. கூரையில் கொஞ்சம் பூச்சு உதிர்ந்தது. கொஞ்சம் காயம். இப்போது பரவாயில்லை. ஓரளவு கவனக்குறைவே காரணம்."

ஆகா, என்ன பெருந்தன்மை! தடைசெய்யப்பட்ட சொற்கள் அத்தனைக்கும் ஒரே காலையில் பொதுமன்னிப்பு!

"யாரோட கவனக்குறைவு சார்?"

"கீழ நின்னவங்களோடதுதான். அப்பப்ப மேல ஒரு பார்வை பாத்திருக்கலாம்ல?"

அவள் விரல்கள் நின்றன. பிறகு சடசடவென்று அடித்து, தாளை உருவி அவர் முன்னால் வைத்தாள்.

படித்தவருக்கு முகம் வெளிறிவிட்டது. "என்னம்மா இது? விரிசல் எனக்கு முன்னாடியே தெரியும், நான்தான் சரிபண்ண விடலன்னு அடிச்சிருக்க?"

"இதுல எது பொய்யின்னு சொல்லுங்க சார், எடுத்துடறேன்."

"பொய்யின்னு சொல்லலம்மா... குறைச்சு எழுதலாமேன்னுதான்..."

"எங்க அத்தை மேல கூரை குறைச்சா விழுந்துச்சு? கையெழுத்துப் போடுங்க சார்."